ஒரு மெட்டும் பல பிறவிகளும்

பிறர் ஆக்கிய மெட்டொன்றை எடுத்து, அதனைத் தன் கைவண்ணத்தால் மாற்றித் தன் பெயரால் உலவவிடுபவனைக் கலைஞன் என்பதா, கடன்காரன் என்பதா? இவ்வினா என்னை நெடுங்காலம் அலைக்கழித்ததொன்று. மாணவப் பருவத்தில் இதற்கு என்னிடம் ஐயத்துக்கிடமற்ற விடை இருந்தது. அவ்விடை எவ்வளவு பேதைமையானது என்பதை எனக்கு உணர்த்தியவை இரண்டு இசைத்தட்டுகள். அக்கதையோடு தொடங்குதலே முறை.

எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் மேனாட்டிசையில் தோய்ந்தவர். ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு விறாந்தையில் மாணவர் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒருநாள் அவர் தனி வயலினுக்கென எழுதப்பட்ட சிறு உருப்படி ஒன்றை ஒலிக்கச் செய்தார். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்ட அவ்விசை எங்களைத் திணறடித்துவிட்டது. இத்தாலியரான நிக்கோலோ பகனீனியின் இருபத்து நான்காம் 'கப்ரீஸ்' அது என்றும், அதன் மூலமெட்டை வைத்துப் பிற்காலத்தார் பலர் புதிய உருப்படிகளை ஆக்கியிருக்கின்றனர் என்றும் ஆசிரியர் கூறினார். இளமைக்கேயுரிய துடுக்கோடு நான் குறுக்கிட்டேன்: "சொந்தமாக ஒரு மெட்டமைக்க இயலாதவர்கள் செய்யும் வேலை அது, சேர்."

அவர் மறுத்துரைக்கவில்லை. வேறொரு தட்டை எடுத்து, அதன் நடுப்பகுதியில் ஊசியை இறக்கினார். பியானோ ஒன்று தனியே, மிக மெதுவாக, ஓர் இராகத்தை விரித்தது. பின்னர் வாத்தியக்குழு முழுவதும் அதனைக் கையேற்றது. என் கண்கள் கசிந்தன. "இது எப்படி?" என்றார். "இதுவன்றோ சொந்தப் படைப்பு!" என்றேன். ஆசிரியர் புன்னகை செய்தார். தாள் ஒன்றில் பகனீனியின் மெட்டின் முதற் சுரங்களைப் புள்ளிகளாக இட்டார். பின் அதன்கீழே, ஏறிய புள்ளிகளை இறக்கியும் இறங்கிய புள்ளிகளை ஏற்றியும் இன்னொரு வரிசை வரைந்தார். "தம்பி, நீர் இவ்வளவு நேரமும் புகழ்ந்தது பகனீனியைத்தான். ஆள் தலைகீழாய் நிற்கிறார், அவ்வளவுதான்."

நான் கேட்டது ரக்மானினொவின் படைப்பு. அதுபற்றிப் பின்னர் வருவேன். அன்றைய நாணம் என்னை அம்மெட்டின் வரலாற்றைத் தேட வைத்தது. அத்தேட்டத்தின் பயனையே ஈண்டு வாசகர் முன் வைக்கின்றேன்.

மூலவர்

பகனீனி 1782 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆந் திகதி ஜெனோவா நகரிற் பிறந்தார். 1840 மே 27 இல் நீஸ் நகரில் மறைந்தார். மனிதர் வாசிக்க முடியாததை வாசித்தவர் என்பதனால், அவர் பேயோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்று சாமானியர் பேசிக்கொண்டனர். பேச்சு விளையாட்டோடு நிற்கவில்லை. இறந்தபின் திருச்சபை முறைப்படி அவரை அடக்கஞ் செய்ய இடந் தரப்படவில்லை. இடத்துக்கு இடம் மாற்றப்பட்ட அவருடைய உடல், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1876 இலேயே பார்மா நகர மயானத்தை அடைந்தது. கிரெமோனா நகரத்துக் குவார்னேரி 1743 இற் செய்த வயலின் அவருடையது. அதன் பேரொலி காரணமாக அதற்குப் 'பீரங்கி' என்று பெயர். அதனை அவர் தம் பிறந்த ஊருக்கே விட்டுச் சென்றார். ஜெனோவா அதனை இன்றும் பேணி வருகின்றது.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு முதுசொம், தனி வயலினுக்கான இருபத்து நான்கு கப்ரீஸ்கள். 1802 இற்கும் 1817 இற்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பெற்ற இவை, 1820 இல் மிலான் நகரில் அச்சேறின. முதற் பக்கத்தில், வழக்கம்போல் அரசனுக்கோ பிரபுவுக்கோ அன்றி, 'கலைஞர்களுக்கு' என்று அவர் அவற்றைக் காணிக்கையாக்கினார். இக்காணிக்கை பின்னாளில் எவ்வளவு பொருத்தமாயிற்று என்பதை மேலே காண்போம்.

இருபத்து நான்காவது உருப்படி, ஒரு மூலமெட்டும், அதன் பதினொரு வேற்றுருக்களும், ஒரு முடிவுரையும் கொண்டது. வேற்றுரு என்பது, மெட்டின் எலும்புக்கூட்டை அவ்வண்ணமே வைத்துக்கொண்டு தசையையும் தோலையும் மாற்றியமைப்பது. நமது சங்கீதத்தில் ஒரே அடியைச் சங்கதி சங்கதியாக வளர்த்துப் பாடுவதை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. ஆனாற் பகனீனியின் ஒவ்வொரு வேற்றுருவும் வாசிப்பவனுக்கு ஒவ்வொரு சோதனையாகவும் அமைந்தது. ஒன்றில் ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் ஒருங்கே பிடிக்கவேண்டும். இன்னொன்றில் மூன்று தந்திகள் ஒருசேர ஒலிக்கவேண்டும். ஒன்பதாவதில், வில்லைப் பிடித்திருக்கும் வலக்கைக்கு உதவியாக, தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களே அதனைச் சுண்டி மீட்டவும் வேண்டும். இருபத்து நான்கையும் மூலத்தில் உள்ளவாறே முழுமையாக இசைத்தட்டிற் பதிந்த முதல் வயலின் கலைஞர் ருகியேரோ றிச்சி. அவர் அதைச் செய்தது 1947 இல். அதாவது, அச்சேறி நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர்!

எனினும், இம்மெட்டுப் பிறரைக் கவர்ந்தமைக்கு அதன் கடினம் மட்டுங் காரணமாகாது. மெட்டோ மிக எளியது. எழுத்தில் அது பன்னிரண்டு தாளக்கட்டுகளே. முற்பாதி, ஆதார சுரத்துக்கும் பஞ்சமத்துக்குமிடையே ஊஞ்சல்போல் ஆடுகின்றது. பிற்பாதி, வீட்டை விட்டுப் படிப்படியாக வெளியே சென்று, மீண்டும் வீட்டு வாசலை வந்தடைகின்றது. ஒருமுறை கேட்ட சிறுவனும் இதை முணுமுணுக்கலாம். அடையாளங் காண்பதற்கு இவ்வளவு எளிதாக இருப்பதனாலேதான், எவ்வளவு தூரம் மாற்றினாலும் கேட்போன் அதை இழந்துவிடுவதில்லை. அடித்தளம் உறுதியாயிருந்தால் அதன்மீது மண் வீடும் எழுப்பலாம், மாளிகையும் எழுப்பலாம்.

முதற் கடனாளிகள்

1830 இற் பிராங்போட் நகரிற் பகனீனியைக் கேட்டவர் றொபேட் ஷூமான். அப்போது அவர் சட்டம் பயின்ற மாணவர். 1832 இற் பாரிஸிற் கேட்டவர் பிரான்ஸ் லிஸ்ற். அவருக்கு அப்போது இருபது வயது. வயலினில் இம்மனிதன் செய்ததைப் பியானோவிலே தாம் செய்யவேண்டும் என்ற வெறி இருவரையும் பற்றிக்கொண்டது. ஷூமான் 1832 இலும் 1833 இலும் பகனீனியின் கப்ரீஸ்களிற் சிலவற்றைப் பியானோவுக்கு மாற்றினார். லிஸ்ற் 1838 இல் ஆறு பயிற்சிகளை ஆக்கி, 1851 இல் அவற்றைத் திருத்தி எளிமைப்படுத்தினார். அவற்றுள் ஆறாவது, நாம் பேசும் மெட்டின் பியானோ வடிவமாகும்.

யொஹான்னஸ் பிராம்ஸ் வேறு வழி சென்றார். பகனீனியின் வேற்றுருக்களை அவர் தொடவேயில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். 1862, 1863 ஆம் ஆண்டுகளில் அதன்மீது தாமே புதிதாக இருபத்தெட்டு வேற்றுருக்களை எழுதி, பதினான்கு பதினான்காக இரு பகுதிகளாக 1866 இல் வெளியிட்டார். அவற்றின் கடினத்தைக் கண்ட கிளாரா ஷூமான் அம்மையார் அவற்றைச் 'சூனியக்காரி வேற்றுருக்கள்' என்றழைத்தார். வித்தை காட்டும் மெட்டுக்குள் இவ்வளவு சிந்தனை உறங்கிக் கிடந்தது என்பதை முதலிற் கண்டவர் பிராம்ஸ் என்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் ஷூமானின் முடிவைக் கூறாமல் அப்பாற்செல்ல மனம் ஒப்பவில்லை. 1854 இல் மனநோய் முற்றி, அவர் என்டெனிக் என்னும் ஊரிலிருந்த மருத்துவ நிலையத்திற் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த நாட்களில் அவர் கேட்டுப் பெற்றவற்றுள் பகனீனியின் கப்ரீஸ்களும் இருந்தன. தனி வயலினுக்கென எழுதப்பட்ட அவற்றுக்குப் பியானோத் துணையிசை எழுதும் வேலையில் அவர் ஈடுபட்டிருந்தார். 1856 யூலையில் அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. தம் அறிவு தம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தபோது, தனியே நின்று ஒலிக்கும் ஒரு குரலுக்கு அவர் துணை தேடிக்கொண்டிருந்தார். மறுபடைப்பு என்பது சோம்பேறிகளின் தொழில் என்று நான் கூறியது நினைவுக்கு வரும்போது, இக்காட்சி என் முன்னே வந்து நிற்பதுண்டு.

தலைகீழாய் நின்றவர்

இனி நம் நூற்றாண்டை ஒட்டி வருவோம். சேர்கேய் ரக்மானினொவ் 1917 இறுதியில் ருஷ்யாவை விட்டு வெளியேறியவர். பின்னர் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை. ஊரூராகப் பியானோ வாசித்துப் பிழைத்த அவர், அந்நிய மண்ணில் எழுதியவை மிகச் சிலவே. 1934 இல், சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் ஏரிக்கரையிற் புதிதாக அமைத்த இல்லத்தில், யூலை 3 தொடக்கம் ஓகஸ்ட் 18 வரை அமர்ந்து, பியானோவுக்கும் வாத்தியக்குழுவுக்குமாகப் 'பகனீனியின் மெட்டின் மீதான ரப்சொடி' என்ற பெரும் படைப்பை முடித்தார். அவ்வாண்டு நவம்பர் 7 இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஸ்டொகோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா வாத்தியக்குழுவோடு அவரே அதனை அரங்கேற்றினார்.

இதன் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. இருபத்து நான்காம் கப்ரீஸ் என்பதற்கேற்ப இருபத்து நான்கு வேற்றுருக்கள். ஆயின், முதல் வேற்றுரு மூலமெட்டுக்கு முன்னரே வந்துவிடுகின்றது! மெட்டின் முக்கிய சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒலிக்க, அதன் பின்னரே வயலின்கள் மெட்டைப் பாடுகின்றன. ஏழாம் வேற்றுருவில் வேறோர் இசை நுழைகின்றது. இறந்தோர்க்கான கத்தோலிக்கப் பூசையிற் பாடப்பெற்ற பழைய இலத்தீன் கீதம் அது; ஊழிக்காலத் தீர்ப்பைப் பற்றியது. அடக்கத்துக்கு இடம் மறுக்கப்பட்ட மனிதனின் மெட்டுக்கு மறுமொழியாக, அவனுக்குக் கிட்டாத அந்தச் சாப்பாட்டு ஒலிக்கின்றது. பின்னர், 1937 இல் நடன ஆசிரியர் போகினுக்கு எழுதிய கடிதத்தில், கலையின் நிறைவுக்காகப் பேய்க்கு ஆன்மாவை விற்ற பகனீனியின் கதையை இவ்விசைக்குப் பொருத்தலாமென்று ரக்மானினொவே யோசனை கூறினார். அந்நடனம் 1939 இல் இலண்டனில் அரங்கேறியது.

பதினெட்டாம் வேற்றுருவே என்னை அன்று ஏமாற்றியது. இங்கே மெட்டின் தலைப்புச் சுரங்கள் கண்ணாடியிற் கண்டாற்போற் கவிழ்கின்றன. மைனர் சுருதி மேஜராகின்றது, ஓட்டம் நடையாகின்றது. கூர்மையான ஊசி போன்ற மெட்டு, நாடிழந்தவனின் நெடுமூச்சாகிவிடுகின்றது. ரக்மானினொவ் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை என்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் புதிதாக்கினார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

வார்சோவின் கோப்பிக் கடை

இம்மெட்டின் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய அத்தியாயம் 1941 இல் நிகழ்ந்தது. 1939 செப்ரெம்பரிற் போலந்து நாசிப் படைகளின் பிடிக்குள் வீழ்ந்தது. போலந்து மக்களின் பொது இசையரங்குகள் தடைசெய்யப்பட்டன. இசைக்கலைஞர்கள் வயிறு வளர்க்க எஞ்சிய இடம் கோப்பிக் கடைகளே. போரிற் சிறைப்பட்டுத் தப்பி வந்த இளைஞர் விற்றோல்ட் லூற்றோஸ்லாவ்ஸ்கியும், அவர் நண்பர் அன்ட்ரே பனூவ்னிக்கும், வார்சோவின் கடைகளில் இரண்டு பியானோக்களை எதிரெதிரே போட்டு வாசித்தனர். இருவரும் சேர்ந்து இருநூறுக்கு மேற்பட்ட உருப்படிகளை இரு பியானோக்களுக்கென மாற்றியமைத்தனர். 1941 இல் லூற்றோஸ்லாவ்ஸ்கி எழுதிய 'பகனீனியின் மெட்டின் மீதான வேற்றுருக்கள்' அவற்றுள் ஒன்று.

பிராம்ஸைப் போலன்றி, இவர் பகனீனியின் வேற்றுருக்களையே ஒழுங்காகப் பின்பற்றிச் செல்கின்றார். சட்டகம் முற்றாகப் பழையது. ஆனால், அச்சட்டகத்துள் ஊற்றப்பட்ட சுரக்கூட்டுகள் முரணானவை, காரமானவை, 1820 இற் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத்தக்கவை. இரண்டு பியானோக்களும் ஒன்றையொன்று துரத்துகின்றன, இடறுகின்றன, எள்ளிநகையாடுகின்றன. எல்லாம் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. வெளியே தெருவிற் சப்பாத்துக்களின் ஒலி. உள்ளே பழைய இத்தாலிய மெட்டொன்று, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கின்றது.

1944 ஓகஸ்டில் வார்சோவில் எழுச்சி வெடித்தது. அது நசுக்கப்பட்டபின் நகரமே தரைமட்டமாக்கப்பட்டது. நண்பரிருவரும் ஆக்கிய அந்த இருநூறு உருப்படிகளும் எரிந்து சாம்பராயின. தப்பியது பகனீனி வேற்றுருக்கள் ஒன்றே. ஏடுகளைத் தீயில் இழப்பதென்றால் என்னவென்று நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எஞ்சிய அந்த ஒன்றை லூற்றோஸ்லாவ்ஸ்கி மறக்கவில்லை. உலகப் புகழ் பெற்றபின், 1978 இல், அதனைப் பியானோவுக்கும் வாத்தியக்குழுவுக்குமாக விரித்தெழுதினார்.

இன்னுமொன்று. போர் முடிந்த ஈராண்டுகளில், 1947 இல், அதே மெட்டை எடுத்து வாத்தியக்குழு முழுவதற்குமாக வேற்றுருக்கள் செய்தவர் போறிஸ் பிளாகர், ஜேர்மனியர். ஆக்கிரமிக்கப்பட்டவன் நாட்டிலும், ஆக்கிரமித்தவன் நாட்டின் இடிபாடுகளுக்கிடையிலும், ஆறாண்டு இடைவெளியில் ஒரே மெட்டு. மெட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை போலும்.

மீண்டும் வயலினுக்கு

பியானோக்காரர்கள் கொண்டு சென்ற சொத்தை வயலினுக்கே மீட்டளித்தவர்களும் உளர். 1954 இல் நேதன் மில்ஸ்ரைன் 'பகனீனியானா' என்ற தனி வயலின் உருப்படியை ஆக்கினார். இதே மெட்டோடு பகனீனியின் பிற இசைகளையும் பின்னியெடுத்த மாலை அது.

அதனினும் ஆழமானது அமெரிக்கரான ஜோர்ஜ் றொச்பேர்க்கின் பணி. பழைய சுருதி முறையை முற்றாகத் துறந்த புதுநெறியில் எழுதி வந்தவர் அவர். 1964 இல் அவருடைய இளம் மகன் மூளைக் கட்டியினால் இறந்தான். தான் கைக்கொண்டிருந்த நெறியில் அத்துயரைச் சொல்ல மொழியில்லை என்று கண்ட அவர், பழைமையின் பக்கம் திரும்பினார். 1970 இல் அவர் தனி வயலினுக்கு ஐம்பது வேற்றுருக்களை எழுதினார். பேத்தோவன், ஷூபேர்ட், பிராம்ஸ், மாலர், வேபேர்ன் ஆகியோரின் குரல்கள் அவற்றுள் வந்து போகின்றன. இடையிடையே இன்றைய கரடுமுரடான ஒலிகளும் எழுகின்றன. அனைத்தும் முடிந்த பின்னர், இறுதியிலேதான் பகனீனியின் மூலமெட்டு வருகின்றது. ஐம்பது வழிகளில் அலைந்தவன் கடைசியில் தாய்வீட்டுப் படலையைத் திறப்பது போன்றது அது. பழைமைக்கு ஓடுதல் கோழைத்தனம் என்று புதுமைவாதிகள் அவரை ஏசினர். மகனை இழந்த தந்தைக்கு எந்த மொழி தகும் என்று விதிக்க யாருக்கு உரிமை உண்டு?

சந்தையும் கலையும்

மெட்டு, இசையரங்குகளுக்குள் மட்டும் அடங்கிக் கிடக்கவில்லை. ஆங்கில நாடக இசையாளர் அன்ட்ரூ லொயிட் வெபர், காற்பந்தாட்டம் ஒன்றின் பந்தயத்தில் தம்பி ஜூலியனிடம் தோற்றார். அதன் ஈடாக, செல்லோ வாசிக்கும் அத்தம்பிக்கு ஓர் உருப்படி எழுத நேர்ந்தது. பகனீனியின் மெட்டை எடுத்து, செல்லோவோடு 'றொக்' இசைக்குழு ஒன்றையும் சேர்த்தார். 1978 இல் வெளியான அத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடத்தை எட்டியது. அதன் தொடக்கம் தொலைக்காட்சிக் கலை நிகழ்ச்சியொன்றின் முகப்பிசையாகிப் பல்லாண்டு ஒலித்தது. 1986 இல் வெளியான 'குறொஸ்றோட்ஸ்' என்ற திரைப்படத்தில், ஐந்தாம் கப்ரீஸின் சாயலில் அமைந்த போட்டி வாசிப்பை ஸ்ரீவ் வாய் மின்கிற்றாரிற் புரிந்தார். அப்படத்திலும் போட்டி பேய்க்கும் மனிதனுக்குமிடையே என்பது நகைப்பிற்குரிய பொருத்தம்.

இவற்றுட் சிலவற்றை நான் விரும்பிக் கேட்பேன். ஆயினும், பகனீனியை மாற்றுவோர் அனைவரும் அவரைப் புரிந்துகொண்டவர் என்று சொல்வதற்கில்லை. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மின்விளக்கும் முரசும் கூட்டி, விரலோட்டத்தைக் காட்டிப் போவோர் இக்காலத்திற் பலர். அவர்கள் மெட்டுக்கு ஆடை மாற்றுகின்றனர், உயிர் மாற்றவில்லை. மூலத்தில் ஏற்கெனவே இருந்து, ஆனால் எவரும் காணாதிருந்த ஒன்றை வெளிக்கொணர்கின்றதா என்பதே மறுபடைப்புக்கு நான் வைக்கும் உரைகல். பிராம்ஸ் சிந்தனையைக் கண்டார். ரக்மானினொவ் ஏக்கத்தைக் கண்டார். லூற்றோஸ்லாவ்ஸ்கி எதிர்ப்பைக் கண்டார். றொச்பேர்க் நினைவைக் கண்டார். பகனீனியின் பன்னிரண்டு தாளக்கட்டுகளில் இவையெல்லாம் முன்னரே இருந்தனவா என்றால், இவர்கள் காட்டிய பின்னர் இல்லையென்று சொல்ல என்னால் இயலவில்லை.

வயலின் என்ற கருவியே நமக்கு வந்த வழியை எண்ணிப் பார்க்கலாம். பகனீனி கப்ரீஸ்களை எழுதிய அதே தலைமுறையில், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் இம்மேனாட்டுக் கருவியைக் கற்றுக் கருநாடக சங்கீதத்துக்கு உரியதாக்கினார். முத்துசாமி தீட்சிதரோ மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அதனைக் கடன் என்று எவரும் இகழ்ந்ததில்லை. வான்மீகியின் கதையைக் கம்பன் பாடியதைத் திருட்டென்று சொல்லும் தமிழ்மாணவனும் இல்லை. தமிழிலே தெளிவாக இருந்த உண்மை, இசையென்றவுடன் எனக்கு ஏன் மங்கிப் போயிற்று என்பதுதான் இன்றும் எனக்கு வியப்பு.

மாணவர்க்கும், அவர்களுக்குக் கற்பிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். மூலத்தை முதலிற் கேளுங்கள். ஒருமுறையன்று, மெட்டு மனப்பாடமாகும்வரை கேளுங்கள். அதன்பின் பிராம்ஸ், ரக்மானினொவ், லூற்றோஸ்லாவ்ஸ்கி, றொச்பேர்க் என்ற ஒழுங்கிற் செல்லுங்கள். ரக்மானினொவின் பதினெட்டாம் வேற்றுருவை அடையும்போது, அது பகனீனி என்று முன்கூட்டி எவருக்கும் சொல்லிவிடாதீர்கள். என் ஆசிரியர் எனக்குச் சொல்லாதிருந்தது பெரிய உபகாரம். அவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. புள்ளிகள் இட்ட அத்தாளை நான் அன்றே அவரிடம் கேட்டு வாங்கியிருக்கலாம், வாங்கத் தோன்றவில்லை. ஆயினும், அவ்விசை ஒலிக்கும் போதெல்லாம் அந்த இரு வரிசைப் புள்ளிகளும், ஒன்று ஏறவும் மற்றது இறங்கவும், என் கண்முன்னே விரிகின்றன.